கப்டனுக்கு ஒரு தம்பி இருந்தான்

1

நான் பொய்யன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் என் முகத்துக்குக் கீழே அந்தச் சொல்லைப் பல மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். சில மொழிகள் என்ன மொழி என்றுகூட எனக்குத் தெரியாது. மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். போலந்து மொழியில் பொய்யனுக்கு என்ன சொல் என்று இப்போது எனக்குத் தெரியும். வெளிநாட்டு வாழ்க்கையில் இப்படித்தான் அறிவு வளரும்.

நான் கண்டிக்காரன். ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறேன். வெளிநாட்டில் இருக்கிறவன் ஊருக்கு எழுதினால் பனியைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பனியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அது விழும். நாங்கள் அள்ளுவோம். மறுபடியும் விழும்.

நான் எழுத வந்தது ஒரு படத்தின் டிரெய்லரைப் பற்றி. நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் நம் நாட்டுத் தொலைக்காட்சியில் ஓர் ஆங்கிலத் தொடர் ஓடியது. விண்வெளியில் ஒரு கப்பல், அதில் ஒரு கப்டன், ஒரு ரோபோ, வாராவாரம் ஒரு கிரகம். அதன் உண்மையான பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் கம்பெனியில் நடிகர்களைவிட வக்கீல்கள் அதிகமாம். நாங்கள் அதைக் கப்பல் கதை என்றுதான் சொல்வோம். அதைத் தூசி தட்டி, புது நடிகர்களைப் போட்டு, முதலிலிருந்து படமாக எடுக்கிறார்கள். இரண்டரை நிமிட டிரெய்லர் வெளிவந்தது. உலகம் இரண்டாகப் பிளந்தது.

மிகைப்படுத்தவில்லை. தாடி நரைத்த மனிதர்கள் கமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த இரண்டரை நிமிடத்தைப் பார்த்து, அழுது, அழுததை உலகத்துக்குக் காட்டினார்கள். கப்டனின் சட்டை நீலமாக இருக்க வேண்டும், சாம்பல் நிறமாக்கிவிட்டார்கள் என்று ஒரு கூட்டம். ரோபோவுக்கு ஒரு கண்தான், இரண்டு வைத்துவிட்டார்கள் என்று இன்னொரு கூட்டம். கப்பலின் வால் நீளம் குறைந்துவிட்டது என்று கையெழுத்து வேட்டை நடந்தது. என் குழந்தைப் பருவத்தைக் கொன்றுவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய குழந்தைப் பருவத்தில் அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை போலிருக்கிறது. கொடுத்து வைத்தவர்.

இவர்களைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் முறை வரும்வரைக்கும்.

2

என் மகள் துளசி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். படிக்கிற நேரம் போக, படங்களையும் தொடர்களையும் பார்த்து அபிப்பிராயம் சொல்லி வீடியோ போடுகிறாள். ஆங்கிலத்தில் போடுவாள். நோர்வே மொழியில் சிரிப்பாள். வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் அது என் தமிழ் இல்லை, அவளுடைய அம்மாவின் தமிழ். என் மனைவி யாழ்ப்பாணம். "ஓம் அப்பா, வாறன்" என்று மகள் சொல்லும்போது எனக்கு என் வீட்டில் நானே விருந்தாளி மாதிரி இருக்கும்.

டிரெய்லர் வந்த அன்று வேலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, உடுப்பு மாத்தாதேங்கோ. அப்படியே வந்து இதிலை இருங்கோ."

"எதுக்கு?"

"நீங்கள்தானே பழைய ஆள். அந்தக் காலத்திலை பாத்தனீங்கள். நீங்கள் பாக்கேக்கை உங்கடை முகத்தை எடுக்கப்போறன்."

அவளுக்கு அதில் ஒரு பெருமை. மற்றவர்களின் அப்பாமார் அந்தத் தொடரைப் பின்னாளில் வாடகைக் கசெட்டில் பார்த்தவர்கள். நான் அது டிவியில் ஓடின காலத்திலேயே பார்த்தவன். தவிர, அவளைக் கப்பல் கதைக்குள் இழுத்துவிட்டதே நான்தான். சின்ன வயதில் அவள் சாப்பிட மாட்டாள். ஒரு வாய் சோற்றுக்கு ஒரு கிரகம் என்று சொல்லிச் சொல்லி ஊட்டினேன். முக்கியமாகக் கப்டனின் தம்பியைப் பற்றி.

கதை இதுதான். அவர்களுடைய கிரகம் பற்றி எரிகிறது. எல்லோரும் கப்பலில் ஏறுகிறார்கள். கப்டனின் தம்பி, "அண்ணே, வீட்டுக் கதவப் பூட்டாம வந்துட்டோம், பூட்டிட்டு வந்துர்றேன்" என்று திரும்பி ஓடுகிறான். அதற்குள் கப்பல் கிளம்பிவிடுகிறது. அன்றிலிருந்து கப்டன் ஒவ்வொரு கிரகமாக அவனைத் தேடுகிறார். சட்டைப் பையில் தம்பியின் படம் இருக்கும். தனியாக இருக்கும்போது எடுத்துப் பார்ப்பார்.

"தம்பி கிடைச்சானோ அப்பா?" என்று அவள் கேட்பாள்.

"தெரியாதும்மா. நாங்க கடைசி வரைக்கும் பாக்கல. அதுக்குள்ள நாட்டுல பிரச்சினை வந்துருச்சு" என்பேன்.

சோறு முடிந்துவிடும். கேள்வி முடியாது. வளர்ந்த பிறகும் கேட்டாள். பழைய தொடர் இங்கே எங்கேயும் பார்க்கக் கிடைக்கவில்லை, ஏதோ உரிமைத் தகராறு. இணையத்தில் முடிவை வாசித்துக் கெடுத்துக்கொள்ள மாட்டேன், பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன் என்று இருந்தாள். புதுப் படம் வருகிறது என்று கேள்விப்பட்டதும் அவள் துள்ளியதற்குக் காரணம் ரோபோவும் இல்லை, வாலும் இல்லை. தம்பி கிடைத்தானா என்று தெரிந்துகொள்ள அத்தனை வருடம் காத்திருந்தாள்.

உட்கார்ந்தேன். பஸ் கம்பெனியின் ஜக்கெட் போட்டபடியே. டிரெய்லர் ஓடியது. நடுவில் புதுக் கப்டன் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுக்கிறார். அதில் இருந்தது நரைத்த தலை, சீருடை, மார்பு நிறையப் பதக்கம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூளை கெட்டவர்கள், தம்பிக்குப் பதிலாகக் கிழவனை வைத்திருக்கிறார்கள் என்று தொடங்கினேன். எனக்கு வருகிற ஆங்கிலத்தில் கதை முழுவதையும் சொன்னேன். பூட்டப் போன கதவைச் சொன்னேன். எரிகற்கள் சுற்றுகிற இடத்தில் பதினெட்டு வளைவு இருக்கும், கப்டன் ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவார், அது எங்கே என்று கேட்டேன். பச்சைக் கிரகத்தில் பர்மிட் இல்லாமல் கப்பல் பிடிபட்டதைச் சொன்னேன். கடைசியில் கண் கலங்கிவிட்டது. தாடி நரைத்தவர்களைப் பார்த்துச் சிரித்தேன் என்றேனே, அந்தச் சிரிப்புக்குக் கூலி.

துளசி அதை அப்படியே போட்டாள். மறுநாள் என்னை உலகம் பார்த்தது.

"இந்த மனுசன் எந்தத் தொடரைப் பார்த்தார்? எனக்கும் அதுதான் வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் நல்லவர். மற்றவர்கள் அப்படி இல்லை. அமெரிக்காவில் ஒருவர், அறை முழுக்க விளையாட்டுக் கப்பல் அடுக்கி வைத்திருப்பவர், நான் பேசியதை வரி வரியாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் "இல்லை" என்று சொல்லி ஒரு நீண்ட வீடியோ போட்டார். கப்டனுக்குத் தம்பி இல்லை. எந்த அத்தியாயத்திலும் கதவு இல்லை. வளைவு இல்லை. விண்வெளியில் ஹோர்ன் கேட்காது. பர்மிட் என்ற சொல்லே தொடரில் கிடையாது. அந்தப் படத்தில் இருப்பவர் கப்டனின் மேலதிகாரி, பழைய தொடரிலும் அவரேதான்.

மேலதிகாரி. கண்டியில் நாங்கள் வாரக்கணக்கில் கண்ணீர் விட்டது ஒரு மேலதிகாரிக்காக.

3

எங்கே பார்த்தோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

கண்டியில், திருகோணமலை வீதியில் ஒரு மாடியில் அந்தோனி அங்கிளின் ரேடியோ, டிவி திருத்தும் கடை இருந்தது. எங்கள் யார் வீட்டிலும் டிவி இல்லை. திருத்திய டிவி ஒழுங்காக ஓடுகிறதா என்று ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் அங்கிள் சொந்தக்காரரிடம் கொடுப்பார். அந்தச் சோதனையை வாரத்தில் ஒருநாள், கப்பல் கதை போகும் நேரத்தில் வைத்துக்கொண்டார். அது எங்களுக்காகத்தான். அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "சத்தம் போடாம இருந்தா இருங்க, இல்லாட்டி எறங்குங்க" என்பதுதான் அவர் எங்களை வரவேற்கிற விதம்.

எந்த வாரம் எந்த டிவி கிடைக்கும் என்று தெரியாது. ஒன்றில் எல்லாமே பச்சையாகத் தெரியும். ஒன்றில் படம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஒன்றில் சத்தமே வராது. கப்டனின் சட்டை நீலமா சாம்பலா என்று இன்று அடித்துக்கொள்கிற பண்டிதர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் கப்டனின் சட்டை வாரத்துக்கு ஒரு நிறம். நாங்கள் ஒருவரும் கையெழுத்து வேட்டைக்குப் போகவில்லை.

நாங்கள் மூன்று பேர். நான். மாநகர சபையில் என் அப்பாவோடு வேலை செய்தவரின் மகன் சிவா. அப்புறம் நசார். நசார் கண்டிக்குப் பக்கத்து மடவளை. அவனுடைய வாப்பாவுக்குக் கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் புடவைக்கடை. பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்துவிடுவான். அவன் சிங்களப் பெண்களுக்குப் பூப்போட்ட சீத்தைத் துணி விற்கிறதைக் கேட்க வேண்டும். வாங்க வராதவளும் வாங்கிக்கொண்டு போவாள்.

கதையில் பேசுவது ஆங்கிலம். கீழே ஓடுவது சிங்கள எழுத்து. நானும் சிவாவும் தமிழில் படித்தவர்கள். எங்களுக்கு பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்கிற அளவுக்குச் சிங்களம் தெரியும், அதுவும் பஸ் நின்றால். ஆகவே நசார்தான் எங்கள் வாசிப்பாளன். டிவிக்கு மிக அருகில், ஒரு மரப்பெட்டியில் உட்காருவான். தொண்டையைச் செருமுவான்.

"பாருங்க, இப்ப எனத்த நடக்குதெண்டா..."

அவ்வளவுதான். நாங்கள் கப்பலில் ஏறிவிடுவோம்.

எப்போதாவது சந்தேகம் வரும். ஒருமுறை எதிரி அரசன் வெறும் இரண்டு சொல் பேசினான். நசார் அதற்கு நீளமாக அர்த்தம் சொன்னான்.

"டேய், அவன் ரெண்டு வார்த்தைதானே பேசினான்" என்றான் சிவா.

"நான் செல்லல்ல. கீழ எழுதி ஈக்கி" என்றான் நசார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவனாகச் சொல்லவில்லையாம். அதற்குமேல் என்ன பேசுவது? கீழே எழுதியிருந்தது. நாங்கள் பார்த்தோம்.

பிறகு நாட்டில் குழப்பம். மாலையானால் கடைகளைப் பூட்டச் சொல்லிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். யார் ஒட்டினார்கள் என்று கேட்கிற தைரியம் ஒருவருக்கும் இல்லை. அந்தோனி அங்கிளும் பூட்டினார். பச்சைக் கிரகத்தில் பர்மிட் இல்லாமல் பிடிபட்ட கப்டன் எங்களைப் பொறுத்தவரை அங்கேயே நின்றுவிட்டார்.

4

இங்கே என் வாழ்க்கை பஸ்ஸும் வீடும். அந்த வீடியோவுக்குப் பிறகு பஸ்ஸிலும் நிம்மதி போய்விட்டது. பாடசாலைப் பிள்ளைகள் ஏறும்போது என்னை உற்றுப் பார்ப்பார்கள். ஒருத்தன் கார்டைக் காட்டிவிட்டு, "தம்பி கிடைச்சாரா?" என்று கேட்டான். இன்னொருத்தி ஒரு வளைவில் பஸ் திரும்பும்போது பின்னாலிருந்து, "ஹோர்ன் அடிங்க கப்டன்" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. இந்த நாட்டில் பஸ்ஸில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். அந்த வகையில் நான் ஏதோ சாதித்திருக்கிறேன்.

அப்புறம் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். கம்பெனி ஜக்கெட்டோடு பொதுவெளியில் கருத்துச் சொன்னேனாம். கூட்டத்துக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். இங்கே திட்டுவதற்கு முன்னால் கோப்பி கொடுப்பார்கள். கோப்பி நன்றாக இருந்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம். அன்று கேக்கும் இருந்தது.

தொடர்பாடல் ஆலோசகர் என்று ஒரு பெண். மிகவும் மரியாதையானவர். "நீங்கள் சொன்ன விஷயங்கள் உண்மை என்று கருதுகிறீர்களா?" என்று கேட்டார்.

"என் அம்மாமீது சத்தியமாக உண்மை" என்று சொல்ல வந்தேன். நோர்வே மொழியில் சத்தியம் பண்ண ஒரு சொல், தூஷணம் பேச இன்னொரு சொல். கோபத்தில் இரண்டாவதை எடுத்துவிட்டேன். மூன்று பேரும் குனிந்து குறித்துக்கொண்டார்கள். நான் என் தாயைத் திட்டினதாக இந்த நாட்டில் ஒரு பதிவு இருக்கிறது. கப்டனுக்குத் தம்பி இருந்தாரா என்பது பற்றிக் கம்பெனிக்கு நிலைப்பாடு எதுவும் இல்லை என்று ஒரு தாளில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

5

இதெல்லாம் பெரிசில்லை. மகள் பேசாமல் இருந்ததுதான் பெரிசு.

அவளையும் திட்டியிருந்தார்கள். ஆட்களைச் சிரிக்க வைக்க அப்பனுக்குப் பொய் எழுதிக் கொடுத்து நடிக்க வைத்தாள் என்றார்கள். அவள் அந்த வீடியோவை எடுத்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். கதை இல்லாமலே சாப்பிடுகிறாள் என்று நான் பகிடி விட்டேன். எடுபடவில்லை.

"அப்பா, ஒண்டு கேக்கட்டே? நீங்கள் அந்தத் தொடரைப் பாத்தனீங்களோ, இல்லாட்டிக் கேள்விப்பட்டதை வச்சுச் சொன்னனீங்களோ?"

"பார்த்தேன்."

"நான் முழுக்கத் தேடிப்போட்டன். ஆரோ ஒவ்வொரு அத்தியாயத்தையும் எழுதி வச்சிருக்கினம். எல்லாம் வாசிச்சன். தம்பி இல்லை. அப்படி ஒருத்தன் இல்லவே இல்லை."

"இருந்தான்."

"அப்ப மற்றதெல்லாம்? அந்தோனி அங்கிள், அந்தக் கடை, நசார். பச்சை டிவி. அதெல்லாம் உண்மையோ? கண்டி எண்டு ஒரு ஊர் இருக்குத்தானே? இல்லை, அதுவும் எனக்குச் சோறு தீத்தச் சொன்னதோ?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவளுக்குக் கண்டி என்றால் நான் சொன்னதுதான். ஒருமுறைகூடப் போனதில்லை. ஒவ்வொரு வருடமும் போக இருந்தோம், ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம். லீவு கிடைக்கவில்லை, டிக்கட் விலை, பிறகு கொரோனா, பிறகு அங்கே பெற்றோல் வரிசை. அங்கே என் அம்மா அப்பா கண் மூடிய பிறகு காரணம் தேடவும் அவசியம் இருக்கவில்லை. அந்த ஊர் இருக்கிறது என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி நான். சாட்சி கெட்டுவிட்டது.

"இவ்வளவு கதைக்கிறியள், அந்த நசாரிட்டைக் கேட்டா என்னப்பா?" என்றாள் என் மனைவி, பாத்திரம் கழுவிக்கொண்டே. "உயிரோடைதானே இருப்பார்."

நசாரோடு பேசிப் பல வருடம். சண்டை ஒன்றுமில்லை. பேசாமல் விட்டது, அவ்வளவுதான்.

6

முதலில் சிவாவுக்கு எடுத்தேன். அவனும் அப்பா வழியில் மாநகர சபைக்கே போனவன். இப்போது ஓய்வுக்குக் கிட்ட.

"யாருங்க?"

"டேய், ராஜுடா. ஒஸ்லோ."

"அடேங்கப்பா. யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லடா. சும்மாதான்."

"சும்மா எடுக்கிற ஆளா நீ? நாங்க எல்லாம் இங்கதான் இருக்கோம்ப்பா. அதே நம்பர், அதே வீடு. நீதான் நம்பர மாத்திக்கிட்டு மாத்திக்கிட்டுக் காணாமப் போயிட்ட."

பேச்சை வளர்க்கவில்லை. கப்டனுக்குத் தம்பி இருந்தானா என்று கேட்டேன். அரசாங்க உத்தியோகத்தன் எதற்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டான், ஆனால் இதற்குச் சொன்னான்.

"இருந்தானே. கதவப் பூட்டப் போனவன். என் பேரனுக்கு நேத்துகூடச் சொன்னேன். ஏன், என்னவாம்?"

எனக்கு உயிர் வந்தது. இரண்டு சாட்சி. அமெரிக்காக்காரன் எங்களைவிடப் பெரியவனா என்று இருந்தது. நசாரின் நம்பரை வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை காலை துளசியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். நசார் வந்து வாசித்ததைச் சொல்லட்டும், கேட்டுக்கொள் என்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வீடியோவில் முதலில் வாளிகள் தெரிந்தன. சிவப்பு, நீலம், பச்சை என்று கூரைவரை அடுக்கிய பிளாஸ்டிக் வாளிகள். புடவைக்கடை போய், இப்போது மடவளை பஸாரிலேயே பிளாஸ்டிக் சாமான் கடை. வாளிகளுக்கு நடுவில் வெள்ளைத் தாடியோடு ஒரு முகம்.

"யா அல்லாஹ். ராஜுவா? மொகமெல்லாம் என்னடா ஊதி ஈக்கி?"

நலம் விசாரிப்பு முடிந்ததும் நான் நேரே விஷயத்துக்கு வந்தேன். டிரெய்லரைச் சொன்னேன், அமெரிக்காக்காரனைச் சொன்னேன், உலகமே என்னைப் பொய்யன் என்கிறது என்றேன். "நீதான வாசிச்ச. மகளுக்குச் சொல்லு. தம்பி இருந்தானா இல்லையா?"

நசார் தாடியைச் சொறிந்தான். பிறகு அவன் சிரித்த சிரிப்பில் ஒரு வாளி உருண்டது.

"மச்சான், எனக்கு எங்கடா சிங்களம் வாசிக்கத் தெரியும்?"

"என்னடா சொல்ற? நீ கடையில தண்ணி மாதிரிப் பேசுவியே."

"பேசுவேன். இப்பவும் பேசுவேன். வாசிக்கத் தெரியா. நானும் ஒங்களப் போலத் தமிழ்லதானே படிச்சேன். புடவ விக்க எழுத்து என்னத்துக்கு? ஒங்க ரெண்டு பேருக்கும்தான் பேசுறவனுக்கெல்லாம் வாசிக்கவும் ஏலும் எண்டு ஒரு நெனப்பு. மொத நாளு நீங்களே என்னைப் பெட்டிக்கு மேல ஒக்கார வச்சீங்க. தெரியா எண்டு செல்ல வெக்கமா ஈந்த. ஒரு நாளைக்குத்தானே எண்டு நெனச்சேன். அடுத்த கெழமையும் கூப்பிட்டீங்க."

"அப்ப தம்பி?"

"அந்த ஆள் ஒரு போட்டோவ எடுத்துப் பாத்து மூஞ்ச ஒரு மாதிரி வச்சாரே. டிவியில ஒரே புள்ளி, யாரெண்டே தெரியல்ல. என்னமாச்சும் செல்லத்தானே ஓணும். தம்பி எண்டேன். ஒங்க கண்ணு கலங்கினத்தப் பாத்தேன். பொறகு எப்பிடி மச்சான் அவனக் கொல்லுற?"

"பதினெட்டு வளைவு?"

"மஹியங்கனை ரோட்டுல வாப்பாவோட துணி லொறியில போவேனே. பர்மிட்டும் அந்த ரோட்டுல புடிச்சதுதான்."

நான் இவனைத் திட்டியதை அச்சில் போட மாட்டார்கள். ஒஸ்லோ கூட்டத்தில் வராத சொற்கள் எல்லாம் இப்போது சரியாக வந்தன. அவன் அசையவில்லை.

"என்னைத் திட்டாத. அந்தோனி அங்கிளுக்குத் தெரியும். அவர் நல்லா வாசிப்பாரே. ஒருநாள் நீங்க ரெண்டு பேரும் போன பொறகு என்னைப் புடிச்சிக்கிட்டாரு. ஏசப்போறாரு எண்டு நெனச்சேன். ‘கீழ எழுதியிருக்கிறது அவ்வளவு நல்லா இல்ல, ஒன்னோடதே இருக்கட்டும்’ எண்டு செல்லிட்டுச் சோல்டரப் புடிக்கப் போயிட்டாரு."

நான் அத்தனை பேருக்கு முன்னால் சண்டை போட்டது, கம்பெனியில் தாயைத் திட்டியவன் என்று பேரெடுத்தது, மகளிடம் பொய்யனானது, எல்லாம் மஹியங்கனை ரோட்டில் ஓடிய ஒரு துணி லொறிக்காக. வாழ்நாள் முழுக்க நான் நம்பிய ஒரே ஆங்கிலக் கதை மடவளையில் எழுதப்பட்டது.

7

துளசி கையைக் கட்டியபடியே இருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையிலிருந்த போனை வாங்கினாள்.

"மாமா, நான் துளசி. அந்தக் கடை உண்மையிலேயே இருந்ததோ?"

"ஈந்தது மகள். இப்பயும் ஈக்கி. இப்ப போன் கவர் விக்கிறாங்க. நீங்க வந்தா காட்டுறேன்." அவன் போனைத் திருப்பினான். மடவளைத் தெரு தெரிந்தது. முச்சக்கர வண்டிகள், பள்ளிவாசல் சுவர், வாளிகளுக்குக் குறுக்கே நின்று திட்டு வாங்குகிற ஒரு பஸ். துளசி திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தாள்.

"மாமா, எல்லாத்தையும் நீங்கள்தான் சொன்னனீங்கள் எண்டா, முடிவும் உங்களுக்குத்தானே தெரியும். தம்பி கிடைச்சானோ?"

நசார் வாளிகளைத் தள்ளி வைத்தான். ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

"நீங்க எது வரைக்கும் கேட்டீங்க?"

"பச்சைக் கிரகம். பர்மிட் இல்லாமல் பிடிச்சு வச்சிருக்கினம்."

"ஆ. அது சின்ன விஷயம், பேசி விட்டுட்டாங்க." தொண்டையைச் செருமினான். "பாருங்க, இப்ப எனத்த நடக்குதெண்டா..."

அதற்குள் ஒரு பெண் வந்து ஒரு பிளாஸ்டிக் பேசினைக் காட்டி விலை கேட்டாள். "ஈட்ட அடு பே" என்றான், அதற்குக் குறையாது என்று. பேரம் நடந்தது. அவள் இரண்டாக வாங்கிக்கொண்டு போனாள். என் மகள் கண் கொட்டாமல் காத்திருந்தாள்.

"கப்டன் எல்லாக் கிரகமும் தேடிப் பாத்துட்டாரு. தம்பி இல்ல. கடைசியா, சும்மா ஒருக்கா பாப்பம் எண்டு சொந்தக் கிரகத்துக்கே கப்பலத் திருப்புறாரு. எரிஞ்சு போன எடந்தானே, அங்க யாரு ஈக்கப்போற எண்டு அவருக்கு நெனப்பு. போய்ப் பாத்தா முழுக்க எரியல்ல. பாதிதான். மிச்சத்துல ஆக்கள் ஈக்காங்க. கடையெல்லாம் தொறந்து ஈக்கி, பஸ் போகுது. கப்டன் அவருட வீட்டுக்குப் போறாரு. கதவு பூட்டி ஈக்கி. தட்டுறாரு. தம்பி தொறக்கிறான்."

துளசி போனை இரண்டு கையாலும் பிடித்தாள். நான் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

"கப்டன் அழுறாரு. ‘ஒன்ன எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா’ எண்டு கேக்கிறாரு. தம்பி அவர மேலயும் கீழயும் பாத்துட்டுச் செல்றான். ‘என்னை என்னத்துக்குத் தேடின? நான் கதவப் பூட்டிட்டுத் திரும்பி வந்து பாத்தா நீங்கதானே இல்ல. நான் எங்கயும் போகல்ல. தொலஞ்ச ஆள் நீங்க. ஒங்களத்தான் நாங்க இவ்வளவு காலமும் தேடுறோம். சரி வாங்க, ப்ளேன்டி குடிங்க.’ அவ்வளவுதான் மகள். அதோட முடியுது."

துளசி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். தம்பி கிடைத்தானா என்று கேட்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

"அப்பா, வாற லீவுக்கு டிக்கட்டைப் பாப்பமே?"

எனக்குக் கோபம்தான் வந்தது. போனைப் பிடுங்கினேன்.

"டேய் நசார், இத நீ இப்பத்தான்டா இட்டுக்கட்டின. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத."

நசார் ஒரு வாளியை எடுத்து அடுக்கில் வைத்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் செல்லல்ல மச்சான். கீழ எழுதி ஈக்கி."